கொடைக்கானல் மலையை முந்திய தென்னை

திண்டுக்கல்

அன்பு மருமகளுக்கு,

உன் படங்கள் வந்து சேர்ந்தன. சித்தையன்கோட்டை வயலில் நின்று போனில் ஒரு சுற்று சுற்றி எடுத்த பனோரமா ஒன்று, அதையே உருண்டையாக்கிக் குட்டிப் பூமியாகச் செய்தது இன்னொன்று. கூடவே ஒரு கேள்வி: "மேற்கே அவ்வளவு பெரிய மலை இருக்கு, கிழக்கே சிறுமலை இருக்கு. உருண்டையாக்கினா ரெண்டையும் காணோம். மோட்டார் ரூம் பக்கத்துத் தென்னை மட்டும் எல்லாத்தையும் விடப் பெருசா நிக்குது. ஏன் மாமா?"

நல்ல கேள்வி. நீ கேட்காத இரண்டு விஷயமும் படத்தில் இருக்கின்றன. வானத்தில் மேலிருந்து கீழாக ஓடும் ஒரு கோடு. நடுவில் மண்ணும் புல்லும் சுழன்று ஒரே புள்ளிக்குள் போய் அடங்கும் ஒரு சுழி. மூன்றுக்கும் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. போனில் சொன்னால் பாதி காதில் ஏறாது, லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு செய்து பார்க்க வேண்டியது. அதனால்தான் கடிதம்.

உங்க அம்மா பாவாடை தைப்பதைப் பார்த்திருப்பாய். நீளவாக்கில் ஒரு துணி. இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் சேர்த்து ஒரு தையல். மேல் விளிம்பை மடித்து நாடா கோத்து இழுத்தால் அது இடுப்பளவுக்குச் சுருங்கிவிடும், கீழ் விளிம்பு விரிந்து நிற்கும். அந்தப் பாவாடையைத் தரையில் வட்டமாக விரித்துப் போடு. உன் பனோரமாவுக்கு மென்பொருள் செய்வது இதுதான். நாடா கோக்கும் விளிம்பு உன் காலடித் தரை, விரியும் விளிம்பு வானம். வானத்தில் தெரியும் கோடு அந்த ஓரத் தையல். நடுவில் உள்ள சுழி நாடா இழுத்த சுருக்கம்.

இப்போது வேலைக்கு வருவோம். ஃபோட்டோஷாப் காசு கேட்கும். கிம்ப் இலவசம், உன் அண்ணன் லேப்டாப்புக்கு அதுவே தாராளம். பனோரமாவைத் திறந்ததும் முதலில் இரண்டு ஓரங்களைப் பார். ஒரு முழுச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே சுற்றியிருந்தால், ஒரே கரண்ட் கம்பம் இடது ஓரத்திலும் வலது ஓரத்திலும் இரண்டு முறை வந்திருக்கும். இரண்டு பக்கமும் அந்தக் கம்பத்தின் ஒரே விளிம்பில் வெட்டு. அவ்வளவுதான், சுற்று முடிந்தது. பல போன்களின் பனோரமா முழுச் சுற்று போகாமல் பாதி வழியில் நின்றுவிடும். அதற்கு வேறு வழி, பின்னால் சொல்கிறேன்.

அடுத்து, இடது ஓரத்தில் அடிவானம் எந்த உயரத்தில் இருக்கிறது, வலது ஓரத்தில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பார். சுற்றும்போது கை கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியிருந்தால் இரண்டுக்கும் நடுவே ஒரு விரல்கடை வித்தியாசம் வந்திருக்கும். இதை அப்படியே உருட்டினால் பூமியில் ஒரு படிக்கட்டு விழும். 'ஷியர்' என்றொரு கருவி இருக்கிறது. படத்தின் ஒரு ஓரத்தை மட்டும் மேலேயோ கீழேயோ தள்ளிச் சாய்க்கும். அதை வைத்து இரண்டு ஓரத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டு வந்து, சாய்ந்த மிச்சத்தை வெட்டிவிடு.

பிறகு அந்தத் தையல். வானத்தின் நிறம் இரண்டு ஓரத்திலும் ஒன்றாக இருக்காது. 'லேயர்' மெனுவில் 'ட்ரான்ஸ்ஃபார்ம்', அதற்குள் 'ஆஃப்செட்'. படத்தின் அகலத்தில் பாதியைக் கொடுத்து, 'ரேப் அரவுண்ட்' என்பதைத் தேர்ந்தெடு. ஓரத்தில் இருந்த இணைப்பு இப்போது படத்தின் நட்டநடுவில் வந்து நிற்கும். அங்கே 'ஹீல்', 'க்ளோன்' கருவிகளை வைத்து நிதானமாகப் பூசு. உருட்டிய பிறகு கோட்டை அழிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அங்கே வானம் வளைந்து கிடக்கும், பூச்சு எடுபடாது. தட்டையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

இனி 'ஸ்கேல் இமேஜ்'. அகலத்துக்கும் உயரத்துக்கும் நடுவில் இருக்கும் சங்கிலியை உடைத்துவிட்டு, இரண்டுக்கும் 4000 பிக்சல் என்று கொடு. படம் நெருக்கியடித்துக்கொண்டு அசிங்கமாக நிற்கும், பயப்படாதே. படத்தை 180 டிகிரி சுழற்றித் தலைகீழாக்கு. சுழற்றத்தான் வேண்டும், கண்ணாடி போலத் திருப்பக் கூடாது. பிறகு 'ஃபில்டர்ஸ்', 'டிஸ்டார்ட்ஸ்', 'போலார் கோஆர்டினேட்ஸ்'. உருண்டை வந்துவிடும். தலைகீழாக்க மறந்தால் வானம் நடுவிலும் வயல் சுற்றிலும் வந்து, கிணற்றுக்குள்ளிருந்து அண்ணாந்து பார்க்கும் படமாகிவிடும். அதுவும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஃபோட்டோஷாப்பிலும் இதே வழிதான், அங்கே 'ரெக்டாங்குலர் டு போலார்' என்று கேட்கும். சரியாக வந்ததா என்று பார்க்க ஏதாவது ஒரு பெயர்ப்பலகையைப் படி. எழுத்து இடவலமாக மாறியிருந்தால் எங்கோ கண்ணாடித் திருப்பம் விழுந்திருக்கிறது. சரியான உருண்டையில் வடக்கை உச்சியில் வைத்தால் கிழக்கு வலது கையில் வரும், நில வரைபடத்தில் இருப்பது போலவே. 'ஆஃப்செட் ஆங்கிள்' என்பதை நகர்த்தினால் உருண்டை சுழலும். வடக்கை மேலே கொண்டு வந்து நிறுத்திப் பார். கொடைக்கானல் மலை இடது பக்கமும் சிறுமலை வலது பக்கமும் எதிரெதிரே வர வேண்டும்.

வரும், ஆனால் சின்னதாக வரும். உன் கேள்விக்கு வந்துவிட்டோம்.

கையை முழுதாக நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்துப் பார். அந்த முஷ்டியின் உயரம் கிட்டத்தட்ட 10 டிகிரி. உன் மலை அதில் பாதிதான் இருக்கும், 5 டிகிரி என்று வைத்துக்கொள். மலை பெரியதுதான், ஆனால் தூரத்தில் இருக்கிறது. நம் கண் அதை டிகிரியில் அளப்பதில்லை, மனசு சேர்த்துக்கொண்டு அளக்கிறது. கேமராவுக்கு மனசு கிடையாது.

குட்டிப் பூமி செய்ய முறையான கணக்கு ஒன்று உண்டு. அதற்கு ஸ்டீரியோகிராஃபிக் வீழல் என்று பெயர். காலடியிலிருந்து ஒரு பொருள் எத்தனை டிகிரி விலகியிருக்கிறதோ, அதில் பாதியின் டேன்ஜென்ட் எவ்வளவோ, அவ்வளவு தூரத்தில் அது படத்தின் நடுவிலிருந்து விழும். உனக்குத்தான் ப்ளஸ் ஒன்னில் முக்கோணவியல் இருக்கிறதே, கால்குலேட்டரை எடு. அடிவானம் காலடியிலிருந்து 90 டிகிரி. பாதி 45, அதன் டேன்ஜென்ட் 1. ஆகவே அடிவானம் 1 ஆரமுள்ள வட்டம். அதுதான் உன் பூமியின் எல்லை. 5 டிகிரி மலையின் உச்சி காலடியிலிருந்து 95 டிகிரி, அதில் பாதி 47.5, டேன்ஜென்ட் 1.09. அதாவது கொடைக்கானல் மலை உன் பூமிக்கு மேலே ஆரத்தில் 9 சதவீதம்தான் எழும்பும்.

இப்போது தென்னை. 15 மீட்டர் மரம், உன்னிடமிருந்து 10 மீட்டரில் நிற்கிறது. போன் 1.5 மீட்டர் உயரத்தில் இருந்தால் மரத்தின் உச்சி அடிவானத்துக்கு மேல் ஏறத்தாழ 53 டிகிரியில் இருக்கும். கணக்குப் போட்டால் 3 வருகிறது. அதாவது மரம் பூமியின் ஆரத்தைப் போல இரண்டு மடங்கு உயரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். அதே மரம் 40 மீட்டர் தள்ளி இருந்திருந்தால்? 1.39. ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு உயரம். பார்க்க லட்சணமாக இருக்கும். மலையை முந்துவதற்கு உயரமான மரம்கூடத் தேவையில்லை, பக்கத்தில் போனைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்கும் தென்னங்கன்றே போதும்.

தரைக்கும் இதே கணக்குத்தான், இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1.5 மீட்டர் உயரத்தில் போனைப் பிடித்தால், உன்னைச் சுற்றி 1.5 மீட்டருக்குள் இருக்கும் தரை மட்டும் பூமியின் பரப்பில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். 10 மீட்டருக்குள் இருப்பது கிட்டத்தட்ட முக்கால் பங்கு. மிச்சம் இருக்கும் ஓரத்துக் கால் பங்கில்தான் ஊரே அடங்கும்: பள்ளிவாசல், தெரு, தோப்பு, குடகனாற்றுப் பக்கம் எல்லாம். சித்தையன்கோட்டையைக் குட்டிப் பூமியாக்கினேன் என்று நீ எழுதியிருந்தாய். நீ பூமியாக்கியது சித்தையன்கோட்டையை அல்ல, ஒரு வயலின் மூலையில் பத்து மீட்டரை.

ஆகவே எங்கே நிற்கிறாய் என்பதுதான் முதல் வேலை, மென்பொருள் அதற்கு அப்புறம். சும்மா சொல்லவில்லை, எண்ணே சொல்கிறது. மோட்டார் ரூம் மொட்டை மாடியில் ஏறி நின்றால் போன் தரையிலிருந்து 4.5 மீட்டரில் இருக்கும். அப்போது அந்தப் பத்து மீட்டர் வட்டம் முக்கால் பங்கிலிருந்து நாற்பது சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஊருக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும். மாடியின் விளிம்பு படத்தில் வருமே என்று கேட்பாய். வரும். அதையே பூமியின் நடுவில் ஒரு சதுரமாக விட்டுவிடலாம், மோசமில்லை. ட்ரோனில் 60 மீட்டர் உயரத்திலிருந்து எடுத்தால் முக்கால் பங்குக்குள் 400 மீட்டர் ஆரத்துக்குள் இருப்பதெல்லாம் வந்துவிடும், அப்போது அது ஊரின் பூமிதான். கல்யாண வீட்டு ட்ரோன்காரர்கள் நம் பக்கமும் நிறைய வந்துவிட்டார்கள். ஆனால் ட்ரோனுக்கு 2021 முதல் தனி விதிகள் இருக்கின்றன. உனக்கு இப்போது அது வேண்டாம், மொட்டை மாடியே போதும்.

உன் படம் இந்த ஸ்டீரியோகிராஃபிக் முறைப்படி வந்தது இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 'போலார் கோஆர்டினேட்ஸ்' ஃபில்டர் டேன்ஜென்ட் கணக்கெல்லாம் போடாது. பனோரமாப் பட்டையில் எவ்வளவு உயரமோ, அவ்வளவு தூரம் நடுவிலிருந்து தள்ளிவைக்கும். நேர்க்கணக்கு, அவ்வளவுதான். புத்தகம் படித்தவர்கள் இதைக் கள்ளக் கணக்கு என்பார்கள். எனக்கு இந்தக் கள்ளக் கணக்கு பிடிக்கும், ஏனென்றால் இதில் மலையை வளர்க்கலாம்.

உன் பனோரமா அடிவானத்துக்குக் கீழே 25 டிகிரியும் மேலே 35 டிகிரியும் பிடித்திருக்கிறது என்று வைத்துக்கொள். ஃபில்டரில் பூமியின் ஆரம் 25 பங்கு, மலை 5 பங்கு. அதாவது ஐந்தில் ஒன்று. முறையான கணக்கில் வந்த 9 சதவீதத்தைப் போல இரண்டு மடங்குக்கு மேல். இப்போது பட்டையின் கீழ்ப்பகுதியை வெட்டி, அடிவானத்துக்குக் கீழே 12 டிகிரி மட்டும் விட்டுப் பார். பூமி சுருங்கும், மலை அதே 5 பங்கு. ஆரத்தில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேலே மலை எழும்பி நிற்கும். வெட்டும் இடத்தை மேலும் கீழும் நகர்த்திப் பார்ப்பதுதான் இந்த முறையின் உயிர். நீ அதைத் தொடவே இல்லை, போன் கொடுத்த பட்டையை அப்படியே உருட்டிவிட்டாய்.

இதற்கு ஒரு விலை உண்டு. கீழே வெட்ட வெட்ட மரமும் வீடும் ஒல்லியாகிக்கொண்டே போகும். அடிவானத்துக்குக் கீழே சுமார் 57 டிகிரி வரை பட்டை இருந்தால்தான் அடிவானத்தில் உள்ளவற்றின் அகலமும் உயரமும் சரியான விகிதத்தில் இருக்கும். இந்த 57 எங்கிருந்து வந்தது என்று கேட்காதே, ஒரு ரேடியன் எத்தனை டிகிரி என்று உன் கணக்குப் புத்தகத்தில் பார். போன் பனோரமா அவ்வளவு கீழே இறங்குவதில்லை. அதனால்தான் போனில் செய்த குட்டிப் பூமி எல்லாவற்றிலும் மரங்கள் ஊசி ஊசியாக நிற்கின்றன. தென்னைக்கு அது பொருந்தும், புளிய மரத்துக்குப் பொருந்தாது. தோப்புப் பக்கம் எடுக்கிறாயா, சாலையோரப் புளியமரங்கள் பக்கம் எடுக்கிறாயா என்பதைப் பொறுத்து வெட்டு.

நடுவில் உள்ள சுழிக்கும் காரணம் இப்போது தெரிந்திருக்கும். உன் பட்டை காலடி வரை இறங்கவே இல்லை. 25 டிகிரி கீழே என்றால் உன்னிடமிருந்து மூன்று மீட்டருக்குச் சற்று அதிகமான தூரத்தில்தான் படம் ஆரம்பிக்கிறது. அந்த மூன்று மீட்டர் வட்டத்தின் விளிம்பு முழுவதையும் ஒரே புள்ளியில் இழுத்துக் கட்டினால் சுழி விழாமல் என்ன செய்யும்? விளிம்பு முழுவதும் ஒரே மாதிரி இருந்தால் சுருக்கம் தெரியாது. நெல் காயப்போடும் சிமெண்ட் களம், உழுது போட்ட செம்மண், தண்ணீர் கட்டிய சேறு இதெல்லாம் நல்லது. ஒரு பக்கம் வரப்பு, ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் வைக்கோல் என்று இருந்தால் மூன்றும் முறுக்கிக்கொள்ளும். நீ அப்படியொரு இடத்தில்தான் நின்றிருக்கிறாய்.

சரி, முறையான கணக்கில் செய்தால் என்ன கிடைக்கும்? அதற்கு முழுக் கோளமும் வேண்டும்: சுற்றிலும் 360 டிகிரி, காலடியிலிருந்து உச்சந்தலை வரை 180 டிகிரி. அகலம் உயரத்தைப் போல இரண்டு மடங்காக இருக்கும் படம் அது. 360 டிகிரி கேமராக்கள் ஒரே அமுக்கலில் தந்துவிடும். ரிக்கோ தீட்டா 2013-ல் வந்த பிறகு அந்த வகைக் கேமரா எளிதாகிவிட்டது. கேமரா இல்லாவிட்டால் போனை நட்டமாகப் பிடித்து, ஒவ்வொரு படமும் அடுத்ததோடு மூன்றில் ஒரு பங்காவது சேரும்படி, அடிவான வரிசை, கீழ் வரிசை, மேல் வரிசை என்று தனித்தனிப் படங்களாக எடு. ஹகின் என்ற இலவச மென்பொருள் ஒட்டிக் கொடுக்கும். போன் முழுச் சுற்று போக மறுத்தாலும் இதுதான் வழி. ஹகினில் ப்ரொஜெக்‌ஷனை 'ஸ்டீரியோகிராஃபிக்' என்று மாற்றி, 'பிட்ச்' அளவை 90 அல்லது கழித்தல் 90 என்று கொடு. எதில் தரை நடுவுக்கு வருகிறதோ அதை வைத்துக்கொள். பார்வை அகலம் 270 டிகிரி என்றால் பூமி படத்தின் அகலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு இருக்கும், 300 என்றால் கால் பங்கு.

ஒட்டுகிற வேலைக்கு ஒரு நிபந்தனை. சுழல வேண்டியது போன்தான், நீ அல்ல. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு நீ சுழன்றால் போன் உன்னைச் சுற்றி ஒரு வட்டம் போடும். தூரத்து மலைக்கு அது தெரியாது. பக்கத்து மோட்டார் ரூம் சுவருக்குத் தெரியும். ஒரு படத்தில் ஒரு இடத்திலும் அடுத்த படத்தில் வேறு இடத்திலும் நிற்கும், ஒட்டும்போது சுவர் உடையும். கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இருக்கும், வாங்கி லென்ஸுக்கு நேராகப் போனில் கட்டித் தொங்கவிடு. கீழே ஒரு கல்லை வைத்து, குண்டு எப்போதும் அந்தக் கல்லுக்கு மேலேயே நிற்கும்படி போனைச் சுற்றி நீ நகர். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

படங்களை ஒட்டி நீளமாக்குவது கம்ப்யூட்டர் காலத்து வேலை இல்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கேப்டன் லினேயஸ் டிரைப் 1858-ல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 அச்சுகளாக எடுத்து, பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். காகித நெகட்டிவ் காலம் அது. நீ ஓரிடத்தில் நின்று வெளியே பார்த்துச் சுற்றுகிறாய். அவர் கல்லை ஒட்டி நகர்ந்துகொண்டே போனார். சுவர் தட்டையானது, முன்னே பின்னே எதுவும் இல்லை. அதனால் கேமரா நகர்ந்தும் ஒட்டு சேர்ந்தது. அதே வேலையைத் தென்னந்தோப்பில் செய்திருந்தால் சேர்ந்திருக்காது.

உன் ஊர்ப் பக்கத்திலேயே இன்னொரு கதை உண்டு. தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகனான வில்லியம் டேனியல் என்ற இரண்டு ஆங்கில ஓவியர்கள் 1792-ல் தெற்கே பயணம் வந்தார்கள். அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் ஸீனரி' தொகுப்பில் ஒரு படத்தின் தலைப்பே 'திண்டுக்கல் மாவட்டத்தில், ஆத்தூர் அருகே' என்பதுதான். இணையத்தில் தேடினால் கிடைக்கும், பார். அவர்கள் கையில் கேமரா அப்ஸ்கியூரா என்ற பெட்டி இருந்தது. லென்ஸ் வழியாக வரும் காட்சி உள்ளே காகிதத்தில் விழும், அதன் மேலேயே பென்சிலால் கோடு இழுத்துக்கொள்வார்கள். உருண்டையான உலகத்தைத் தட்டைக் காகிதத்துக்குக் கொண்டு வருகிற சிக்கல்தான் அவர்களுக்கும். அவர்கள் நாட்டிலேயே 1787-ல் ராபர்ட் பார்க்கர் என்பவர், வட்டமான கட்டடத்தின் உட்சுவர் முழுவதும் ஒரே காட்சியை வரைந்து நடுவில் ஆளை நிறுத்தும் உத்திக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். உன் பனோரமாவின் மூலம் அதுதான்.

ஸ்டீரியோகிராஃபிக் கணக்கு அதைவிட மிகப் பழையது. கிரேக்கர்கள் அதை வைத்து வானத்தைத் தட்டையாக்கினார்கள். அஸ்ட்ரோலேப் என்ற பித்தளைக் கருவியில் நட்சத்திரங்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். 1370-ல் மகேந்திர சூரி என்ற சமண அறிஞர் அந்தக் கருவியைப் பற்றி 'யந்த்ரராஜ' என்று சமஸ்கிருதத்தில் ஒரு நூலே எழுதினார். அவர்கள் வானத்தை வட்டத்துக்குள் அடக்கினார்கள், நீ தரையை அடக்குகிறாய், சூத்திரம் ஒன்றுதான்.

இந்தச் சூத்திரத்துக்கு ஒரு குணம் உண்டு, அதைப் பார்க்க நம் ஊர் வயலைவிட நல்ல இடம் கிடையாது. கயிறு பிடித்து வரிசையாக நடவு செய்த வயலைப் பார்த்திருக்கிறாய். வரிசைகள் எல்லாம் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். அந்த வயலின் நடுவில் நின்று முழுக் கோளம் எடுத்து, முறையான கணக்கில் உருட்டு. உன் காலுக்கு நேர் கீழே ஓடும் வரிசை மட்டும் நேர்கோடாக இருக்கும். மற்ற வரிசைகள் ஒவ்வொன்றும் கச்சிதமான வட்டத்தின் ஒரு வில்லாக வளையும். எல்லா வில்லும் அடிவானத்தில் எதிரெதிரான அதே இரண்டு புள்ளிகளில் போய்க் கூடும். இதை எங்கே பார்த்திருக்கிறாய்? பழைய அட்லஸில் உலகத்தை இரண்டு வட்டமாகப் போட்டிருப்பார்களே, அதில் வடதுருவத்திலிருந்து தென்துருவத்துக்கு வளைந்து இறங்கும் தீர்க்கரேகைகள். தோற்றம் மட்டும் ஒன்று இல்லை, கணக்கே ஒன்று. அந்த அட்லஸ் வட்டங்கள் பலவும் இதே வீழலில்தான் போடப்பட்டன. நாற்று வரிசை தீர்க்கரேகையாக மாறும். வரப்புகள் குறுக்கே ஓடினால் அவையும் வேறு இரண்டு புள்ளிகளில் போய்க் கூடும். ஃபில்டரில் செய்தாலும் கோடுகள் வளையும், ஆனால் கச்சிதமான வட்ட வில்லாக வராது. நடவு முடிந்து தண்ணீர் நிற்கும் சில வாரங்கள்தான் வரிசை தெளிவாகத் தெரியும். பயிர் தூர் கட்டிவிட்டால் எல்லாம் பச்சையாக மூடிக்கொள்ளும்.

நடவுக்கு வந்த பெண்கள் வயலில் இருந்தால் கேட்டுவிட்டு எடு. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் நிற்பவர்களைக் கேட்காமல் படம் எடுப்பது எனக்குப் பிடிக்காது. தவிர, ஆள் நகர்ந்தால் ஒட்டும் இடத்தில் அரை ஆளாக வருவார்.

வெளிச்சம். காலையில் எடுத்தால் கிழக்கு வானம் வெளுத்தும் மேற்கு இருண்டும் வரும். போன் ஒவ்வொரு திசைக்கும் தானாக வெளிச்சத்தை மாற்றிக்கொண்டே போகும், வானத்துக் கோட்டுக்கு அதுதான் காரணம். சூரியனுக்கு நேர் எதிரிலும் இல்லாமல் சூரியனைப் பார்த்தும் இல்லாமல், பக்கவாட்டுத் திசையில் போனைக் காட்டி, திரையை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடு, பிறகு சுற்று. இன்னொரு தொல்லை உன் நிழல். குட்டிப் பூமியில் அது நடுவிலிருந்து ஒரு பக்கமாக நீண்டு கிடக்கும். நம் ஊர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 டிகிரி சொச்சத்தில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் உச்சந்தலைக்கு நேராக வரும், நிழல் காலுக்கடியில் அடங்கிவிடும். படத்தின் நட்டநடுவில் ஒரு சின்ன இருட்டாக இருக்கும், 'க்ளோன்' செய்து இரண்டு நிமிஷத்தில் மறைத்துவிடலாம். ஆனால் ஏப்ரல் நண்பகல் வெயிலில் வயல் வெளுத்துப் போய்த் தெரியும். மற்ற மாதங்களில் நான் மேகம் மூடிய நாளைத்தான் தேர்ந்தெடுப்பேன். நிழலே விழாது, மலையும் கறுப்பாகத் தெளிவாகத் தெரியும். கரண்ட் கம்பிக்குக் கீழே மட்டும் நிற்காதே, கம்பி ஒவ்வொரு ஒட்டிலும் உடைந்து உடைந்து வரும்.

எங்கே நிற்பது என்று கேட்டால் இரண்டு இடம் சொல்வேன். ஒன்று, தோப்பு நாற்பது ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும்படி, வரிசை நடவு வயலின் நடு வரப்பு. அதை முறையான கணக்கில் செய். மற்றொன்று ஆத்தூர் காமராஜர் அணைக்கரை. மேற்கு மலை அங்கே பக்கத்தில் இருப்பதால் டிகிரியும் கூடுதலாகக் கிடைக்கும், தண்ணீர் ஒரே நிறமாக இருப்பதால் நடுச் சுழியின் ஒரு பாதியாவது மறையும். அதை ஃபில்டரில் செய்து, கீழ்ப்பகுதியை வெட்டி மலையை வளர்த்துக்கொள். தனியாகப் போகாதே, அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ.

முடித்ததும் படத்தை வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பாதே, அது சுருக்கிவிடும். டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பு. 12-க்கு 12 அங்குலத்தில் பிரிண்ட் போட 3600 பிக்சல் வேண்டும், நீ 4000-த்தில் செய்தால் ஓரம் வெட்ட இடம் இருக்கும். வட்டத்துக்கு வெளியே நான்கு மூலையும் காலியாக நின்றால் வானத்தின் வெளிவிளிம்பு நிறத்தை எடுத்து நிரப்பிவிடு, கறுப்பாக விட்டால் பிரிண்டில் மை திட்டுத்திட்டாகத் தெரியும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாளில் போடச் சொல்கிறேன். ஃப்ரேம் செலவு மாமாவுடையது.

அன்புடன்,
மாமா